படைப் பணி ஆவணங்களில் சேர்ப்புத் தேதி, பதவி உயர்வுத் தேதி தவறாக இருந்தால் திருத்துவது எப்படி?

இந்தியத் தரைப்படையில் ஒருவருடைய பதவி உயர்வுத் தேதி சில நாட்கள் தள்ளிப் பதிவாகிவிட்டால், அந்தத் தவறு அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த ஊதிய உயர்வு, அடுத்த பதவிக்கான பணிமூப்பு, பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் 8, 16, 24 ஆண்டுகளில் கிடைக்கும் எம்.ஏ.சி.பி. எனப்படும் ஊதிய மேம்பாடு, கடைசியில் ஓய்வூதியம் என அனைத்தையும் அந்தத் தேதி பாதிக்கலாம். திருத்தம் கேட்பவர்களில் பலர் சம்பளச் சீட்டையோ ஓய்வூதிய ஆணையையோ மாற்றித் தரும்படி எழுதுகிறார்கள். தவறு கண்ணில் படும் இடம் அதுதான் என்றாலும், அது பிறந்த இடம் பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காகிதமாக இருக்கும். அந்தக் காகிதத்தைக் கண்டுபிடித்து, அதை வெளியிட்ட அலுவலகத்தின் வழியாகவே திருத்தினால்தான் அதைப் பின்பற்றிய மற்ற ஆவணங்களும் திருந்தும். இங்கே தரைப்படையின் ஜவான்களையும் (சிப்பாய் முதல் ஹவில்தார் வரை) ஜே.சி.ஓ.க்களையும் (நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) முதன்மையாக வைத்து வழிமுறை விளக்கப்படுகிறது. அதிகாரிகளுக்கும் மற்ற இரு படைகளுக்கும் வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே சொல்லப்படுகின்றன.

எந்தத் தேதி தவறு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். படையில் சேர்ந்த தேதி ஒன்று, பயிற்சி முடித்து உறுதிமொழி எடுத்த தேதி இன்னொன்று. பணிக்காலம் சேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. பதவி உயர்விலும் இப்படியே பணிமூப்புக் கணக்கிடப்படும் தேதி, அந்தப் பதவியை உண்மையில் ஏற்ற தேதி, அந்த நிகழ்வு பார்ட் டூ ஆர்டரில் (பணி நிகழ்வுகளை யூனிட் பதிவுசெய்து வெளியிடும் ஆணையில்) வெளியான தேதி என மூன்று தேதிகள் உண்டு. இவை மூன்றும் வெவ்வேறாக இருப்பது இயல்பானதே, அதனால் இரண்டு ஆவணங்களில் இரண்டு தேதிகள் இருப்பதைப் பார்த்த உடனே பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் வேறொரு தேதி ஏறியிருந்தால்தான் அது பிழை.

எடுத்துக்காட்டாக, ஒரு நாயக் 01.07.2019 அன்று அடுத்த பதவியான ஹவில்தார் பதவியை ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் அந்த நிகழ்வை ஜூலை 10-ஆம் தேதி பார்ட் டூ ஆர்டரில் வெளியிடுகிறது. தட்டச்சு செய்தவர் பதவியேற்ற தேதிக்கான கட்டத்திலும் 10.07.2019 என்றே அடித்துவிடுகிறார். ஒன்பது நாள் வேறுபாடுதானே என்று தோன்றும். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய விதிப்படி ஜனவரி 2 முதல் ஜூலை 1 வரை பதவி உயர்வு பெற்றவருக்கு அடுத்த ஊதிய உயர்வு வரும் ஜனவரி 1-ஆம் தேதியிலும், ஜூலை 2 முதல் ஜனவரி 1 வரை பெற்றவருக்கு ஜூலை 1-ஆம் தேதியிலும் கிடைக்கும். ஆகவே அந்த ஹவில்தாருக்கு 01.01.2020 அன்று வர வேண்டிய ஊதிய உயர்வு 01.07.2020-க்குப் போய்விடுகிறது. அதே நாளில் பதவி உயர்வு பெற்ற சக வீரர்களுக்குக் கீழே அவர் பெயர் பணிமூப்பில் இறங்கவும் வாய்ப்பு உண்டு.

அதிகாரிகளுக்கு இந்தத் தொடர் விளைவு இன்னும் நீளம். 16.12.2004 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, கணக்கில் கொள்ளத்தக்க கமிஷன் பணி (அதிகாரியாக ஆற்றிய பணி) 2 ஆண்டுகள் நிறைந்தால் கேப்டன், 6 ஆண்டுகளில் மேஜர், 13 ஆண்டுகளில் லெப்டினன்ட் கர்னல் என்று, உரிய தகுதிகளை நிறைவு செய்தவர்களுக்குப் பதவி உயர்கிறது. கமிஷன் பணிமூப்புத் தேதி ஆறு மாதம் தள்ளிப் பதிவானால் இந்த மூன்று உயர்வுகளும் ஆறு மாதம் தள்ளிப்போகும். அதிகாரிகளின் நியமனமும் பதவி உயர்வும் இந்திய அரசிதழின் முதல் பகுதி, நான்காம் பிரிவில் வெளியாகின்றன; எனவே பிழை அரசிதழிலேயே இருந்தால் அரசிதழில் பிழைத்திருத்தம் வெளிவர வேண்டும், அலுவலகக் கடிதம் ஒன்று மட்டும் போதாது.

அடுத்ததாக, அது உண்மையிலேயே பிழைதானா என்று நேர்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். அனுமதியின்றிப் பணிக்கு வராத காலம், படை நீதிமன்றத் தண்டனையாகப் பணிமூப்பு பறிக்கப்பட்டிருப்பது, மருத்துவ வகை தாழ்ந்திருந்தது, பதவி உயர்வுக்கான கேடர் தேர்வைத் தாமதமாக முடித்தது, பதவி உயர்வு வேண்டாம் என்று எப்போதோ எழுதிக் கொடுத்தது ஆகிய காரணங்களால் தேதி சட்டப்படியே தள்ளிப்போயிருக்கலாம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தும் அதைச் சொல்லாமல் விண்ணப்பித்தால், முதல் சரிபார்ப்பிலேயே அது வெளிவரும். விண்ணப்பத்தில் உள்ள நியாயமான பகுதியும் அதோடு நம்பகத்தன்மையை இழந்துவிடும்.

அவை எதுவும் இல்லையென்றால், பிழை எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பதவி உயர்வு ஆணையில் தேதி சரியாக இருந்து, அதைப் பார்த்து எழுதிய பார்ட் டூ ஆர்டரிலோ ஷீட் ரோலிலோ (ஒருவரின் பணி வரலாறு பதியப்படும் ஆவணம்) தவறாக ஏறியிருந்தால் அது எழுத்துப் பிழை. அதை யூனிட்டும் ரெக்கார்ட் அலுவலகமும் (அந்தப் படைப்பிரிவு வீரர்களின் பணி ஆவணங்களைப் பேணும் அலுவலகம்) தாங்களே திருத்தலாம். ஆணையிலேயே தேதி தவறென்றால், அந்த ஆணையை வெளியிட்ட அதிகாரிதான் திருத்த ஆணை வெளியிட வேண்டும். ஒருவருடைய பெயர் பதவி உயர்வுக் குழுவின் முன் வைக்கப்படாமலே விடுபட்டு, இளையவர் முன்னே போய்விட்டார் என்றால், அதைத் தேதித் திருத்தம் என்று சொல்ல முடியாது. மறுபரிசீலனை கேட்க வேண்டிய குறை அது. மூன்றாம் வகைக் குறையை முதல் வகை விண்ணப்பமாக எழுதி, ‘பதிவுகள் சரியாக உள்ளன’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு ஆண்டுகளை இழப்பவர்கள் உண்டு. இந்தப் பிரிப்பில் செலவிடும் நேரம் பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

இனி காகிதங்களைத் திரட்டும் வேலை. ரெக்கார்ட் அலுவலகத்தின் பதவி உயர்வு ஆணை, யூனிட்டின் பார்ட் டூ ஆர்டர், ஷீட் ரோலின் உரிய பக்கம், அந்தக் காலத்துச் சம்பளக் கணக்கு, முடிந்தால் பணிமூப்புப் பட்டியலில் தமது பெயர் உள்ள பக்கம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, சரியான தேதி கடைசியாகத் தென்படும் காகிதத்தையும் தவறான தேதி முதலில் தோன்றும் காகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிழை அந்த இரண்டுக்கும் இடையில்தான் நடந்திருக்கிறது. விமானப்படையில் பார்ட் டூ ஆர்டரின் இடத்தில் பி.ஓ.ஆர். எனப்படும் அறிக்கையும், கடற்படையில் ஜென்ஃபார்ம் எனப்படும் படிவமும் இருக்கும். நகல் கேட்டுக் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘என் பதவி உயர்வு ஏன் தாமதமானது?’ என்று கேட்டால் பயன் இருக்காது. இன்ன எண், இன்ன தேதியிட்ட ஆணையின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மற்றவர்களின் ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கை போன்றவற்றைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கப்படும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

பணியில் இருப்பவரின் விண்ணப்பம் கம்பெனி கமாண்டர் வழியாகக் கமாண்டிங் ஆபீசருக்குப் போக வேண்டும். எழுதுவதற்கு முன் ஹெட் கிளார்க்கிடம் காகிதங்களைக் காட்டிப் பேசுவது பல நேரங்களில் விஷயத்தை அங்கேயே முடித்துவிடும். எழுத்துப் பிழையென்றால் பழைய பதிவை ரத்து செய்து சரியான தேதியோடு புதிய பார்ட் டூ ஆர்டர் வெளியிட யூனிட்டால் முடியும். பல ஆண்டுகள் கழித்து வெளியிடும்போது தாமதத்துக்கான காரணத்தை ரெக்கார்ட் அலுவலகமும், சம்பளக் கணக்கைத் தணிக்கை செய்யும் பி.ஏ.ஓ.வும் கேட்கும் என்பதால், மூல ஆணையின் நகலை அதோடு இணைத்தே அனுப்பச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்படும் அதன் சாரம் இப்படி அமையலாம்: “இன்ன எண், இன்ன தேதியிட்ட ரெக்கார்ட் அலுவலக ஆணைப்படி நான் 01.07.2019 முற்பகல் ஹவில்தார் பதவியை ஏற்றேன். இன்ன எண் பார்ட் டூ ஆர்டரில் பதவியேற்ற தேதி 10.07.2019 என்று, அதாவது ஆர்டர் வெளியான தேதியே, பதிவாகியுள்ளது. இதனால் என் ஊதிய உயர்வு 01.01.2020-க்குப் பதிலாக 01.07.2020 முதல் கணக்கிடப்பட்டுள்ளது. மேற்படி பதிவை ரத்து செய்து சரியான தேதியுடன் புதிய பார்ட் டூ ஆர்டர் வெளியிடவும், அதன்படி ஷீட் ரோல், பணிமூப்புப் பட்டியல், சம்பளக் கணக்கு ஆகியவற்றைத் திருத்தவும் வேண்டுகிறேன்.” எது சரி, எது தவறு, எந்தக் காகிதம் சாட்சி, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. யார் மீதும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. மன வேதனையை எழுதுவதில் தவறில்லை என்றாலும், கோப்பை நகர்த்துவது ஆணையின் எண்ணும் தேதியும்தான். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடும் தேதியோடும் ஒரு நகலைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள், ஏனென்றால் பின்னால் காலக்கெடு அந்த நாளிலிருந்து எண்ணப்படலாம்.

யூனிட் அளவில் தீராவிட்டால் விண்ணப்பம் ரெக்கார்ட் அலுவலகத்துக்குப் போகும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரியின் வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரிலும், பீரங்கிப் படைக்கு நாசிக்கிலும் இருக்கிறது. அங்கும் பயனில்லையென்றால் சட்டபூர்வப் புகார் உண்டு. தரைப்படைச் சட்டம், 1950-இன் 26-ஆம் பிரிவு ஜவான்கள், ஜே.சி.ஓ.க்களுக்கும் 27-ஆம் பிரிவு அதிகாரிகளுக்கும் இந்த உரிமையைத் தருகின்றன. விமானப்படைச் சட்டத்திலும் இதே எண் பிரிவுகளே உள்ளன, கடற்படைச் சட்டம், 1957-இல் இது 23-ஆம் பிரிவு. இந்த வழியை விட்டுவிட்டு அரசியல் பிரமுகர்கள் மூலம் எழுதச் செய்வது ஒழுங்கு விதிக்கு எதிரானது, நியாயமான கோரிக்கையையும் அது கெடுக்கும்.

இறுதி வழி ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பணி விவகாரங்கள்’ என்ற வரையறைக்குள் கமிஷன், நியமனம், சேர்ப்பு, பணிமூப்பு, பதவி உயர்வு, ஓய்வூதியம் அனைத்தும் அடங்கும். துறைக்குள் உள்ள வழிகளை முடித்த பிறகே அங்கே போகலாம். மனு கொடுத்து ஆறு மாதமாகியும் இறுதிப் பதில் வராவிட்டால் அந்த வழி முடிந்ததாகவே கொள்ளப்படும். இறுதி ஆணை வந்துவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் இடத்துக்கு உரிய அமர்விலேயே மனு செய்யலாம் என்பதால், தமிழ்நாட்டில் வசிப்பவர் எங்கே பணியாற்றியிருந்தாலும் சென்னை அமர்வை அணுகலாம்.

தாமதம் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறைப்படி, மற்றவர்களைப் பாதிக்காத ஊதிய, ஓய்வூதியக் கணக்குப் பிழைகளைக் காலம் கடந்தும் திருத்தக் கேட்கலாம், ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். பணிமூப்பு, பதவி உயர்வு போன்றவை மற்றவர்களின் இடத்தையும் மாற்றுவதால், அங்கே தாமதம் கோரிக்கையையே காலாவதியாக்கிவிடும். ஒரே தேதிப் பிழை பணத்தையும் பணிமூப்பையும் சேர்த்தே பாதிக்கிறது. பத்து ஆண்டு கழித்து விழித்துக்கொள்பவர் ஒருவேளை பணத்தில் ஒரு பகுதியைப் பெறலாம், தமக்குப் பின் வந்தவர்கள் நாயிப் சுபேதாராகிவிட்ட பிறகு இழந்த இடத்தைப் பெறுவது மிகக் கடினம். ஆகவே பதவி உயர்வு பெற்ற சில மாதங்களுக்குள் பார்ட் டூ ஆர்டரையும் சம்பளச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிழை தமக்குச் சாதகமாக இருந்தாலும் அதைத் தெரிவிப்பதே சரி. மிகையாக வழங்கிய ஊதியத்தை ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமிருந்தும் பிடித்தம் செய்யக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ரஃபீக் மஸீ வழக்கில் கூறியுள்ளது. ஆனால் தெரிந்தே மறைத்தவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஓய்வு பெற்றவர்களுக்கும் தொடங்கும் இடம் ரெக்கார்ட் அலுவலகமே. அங்கே தேதி திருந்திய பின், அந்த அலுவலகம் பரிந்துரைத்து, பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் திருத்திய ஓய்வூதிய ஆணையை வெளியிடும். விமானப்படையினருக்குப் புது தில்லியிலும் கடற்படையினருக்கு மும்பையிலும் உள்ள கணக்கு அலுவலகங்கள் இதைச் செய்கின்றன. ஸ்பர்ஷ் எனப்படும் பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்தில் முதலில் புகார் போட்டால், மூல ஆவணத்தில் அந்தத் தேதிதான் இருக்கிறது என்ற பதில் வரும், அது நியாயமான பதிலும்கூட. விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படுவோர் தமது மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். கணவரின் பணி ஆவணங்களில் பிழை கண்ட குடும்ப ஓய்வூதியதாரர்களுக்கும் இந்த அலுவலகம் உதவும்.

திருத்த ஆணை கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். புதிய தேதி ஷீட் ரோலில் ஏறியிருக்கிறதா, அடுத்து வெளியாகும் பணிமூப்புப் பட்டியலில் பெயர் உரிய இடத்தில் இருக்கிறதா, ஊதிய உயர்வும் எம்.ஏ.சி.பி. தேதியும் மறுகணக்கிடப்பட்டு நிலுவை வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். திருத்த ஆணையில் ‘நோஷனல்’ என்ற சொல் இருந்தால் பணிமூப்பு மட்டும் முன்தேதியிலிருந்து கிடைக்கும், பணம் உண்மையில் பதவியேற்ற நாளிலிருந்தே வரும். அந்தச் சொல் பொருந்தாத இடத்தில் இடம்பெற்றிருந்தால், அந்த ஆணை வந்த ஆறு மாதத்துக்குள்ளேயே அதை எதிர்த்து எழுத வேண்டும்.