6/6 தெரிகிறது, ஆனாலும் பார்வை சரியில்லை: ஆரம்பக் கண்புரையில் நடக்கும் தவறுகள்

"சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சிடுறேன். ராத்திரி எதிர்ல வண்டி வந்தா மட்டும் ரோடே தெரியல." ஆரம்பக் கண்புரை உள்ளவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அவர்களை "6/6 இருக்கு, சார்ட்படி பார்வை இயல்புதான், ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

1862-இல் வந்த ஸ்னெல்லன் சார்ட்டில் வெள்ளை மேல் கன்னங்கரேலென்ற எழுத்துகள்தான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் லேசாகப் புரை விழுந்தால் உள்ளே போகும் ஒளி சிதறி, விழித்திரை மேல் ஒரு வெளிச்சத் திரை போலப் படியும். கறுப்பு எழுத்து அதைத் தாண்டியும் தெரிந்துவிடும். அந்தி வெளிச்சத்தில் சாம்பல் நிறப் படிக்கட்டின் விளிம்பு தெரியாது. அதனால் பெல்லி-ராப்சன் சார்ட்டையும் படிக்கச் சொல்ல வேண்டும். அதில் எழுத்தின் அளவு மாறாது, கறுப்பு மட்டும் படிப்படியாக வெளிறிக்கொண்டே போகும். அப்புறம் கண்ணுக்கு அருகே வெளிச்சம் அடித்து, அதே வரியை மறுபடி படிக்க வையுங்கள். இருட்டறையில் சரளமாகப் படித்தவர் அங்கே திணறுவார்.

ஸ்லிட் லேம்பில் (மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) தெரிவதை வைத்தே முடிவு கட்டுவது அடுத்த தவறு. மருத்துவர் பார்ப்பது புரையில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை. நோயாளியைத் தொல்லைப்படுத்துவது முன்னோக்கிச் சிதறி விழித்திரையில் விழும் ஒளி. இரண்டும் ஒன்றல்ல. லென்ஸின் ஓரத்தில் ஆரம்போல நீளும் புரை பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் பகலில் அவருக்கு எதுவும் தெரியாமலே இருக்கலாம். லென்ஸின் பின்புறம், நட்ட நடுவே விழும் சின்னப் புள்ளியோ வெயிலிலும் படிக்கும்போதும் பாடாய்ப்படுத்திவிடும்.

கண்ணாடிப் பவரைப் புதிதாகப் பார்க்காமல் பழையதோடு சோதிப்பதும் நடக்கிறது. லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை கூடும். சிலர் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிகிறதே என்று சந்தோஷப்படுவார்கள். பவரைத் திருத்தினாலே பாதிக் குறை தீர்ந்துவிடுவதும் உண்டு.

சரி, கருவி காட்டும் அளவையாவது நம்பலாமா? 'டபுள்-பாஸ்' கருவி ஓர் அகச்சிவப்பு ஒளிப்புள்ளியை விழித்திரைக்கு அனுப்பி, திரும்பி வரும் பிம்பம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கிடும். அதுதான் ஓ.எஸ்.ஐ. எனும் ஒளிச்சிதறல் எண். பொதுவாக 1-க்குக் கீழே தெளிவு, 1 முதல் 3 வரை ஆரம்பப் புரை. ஆனால் கண் இமைக்காமல் சில நொடிகள் விழித்திருந்தாலே கண்ணீர்ப் படலம் உடைந்து எண் ஏறும். கண் வறட்சி உள்ளவரிடம் அந்த ஒரே எண்ணைப் பார்த்து ஆபரேஷன் பேச ஆரம்பித்தால் அநியாயம். இமைக்கச் சொல்லி, இரண்டு மூன்று முறை எடுங்கள். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் குறை) இருந்தால் கண்ணாடி லென்ஸ் போட்டுத் திருத்திவிட்டு எடுங்கள். அகச்சிவப்பு ஒளி என்பதால் லென்ஸ் பழுப்பேறி நிறங்கள் மங்குவதும் இந்த எண்ணில் சரியாகத் தெரியாது. 'வேவ்ஃப்ரண்ட்' கருவிக்கு வேறு குறை: ஒளி வளைவதை அளக்கும், சிதறலைப் பெரும்பாலும் தவறவிடும்.

எல்லாப் பழியையும் புரை மேல் போடுவதும் ஆபத்து. புரையோடு விழித்திரையின் மையமான மேக்குலாவில் கோளாறும் இருக்கலாம், ஓ.சி.டி. (விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள். எந்த நேரத்தில், எந்த வேலையில் தடுமாறுகிறார் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எண்களுக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே வெளிச்சத்தில், கண்மணி அதே அளவில் விரிந்திருக்கும்போது எடுத்தால்தான் புரை வளர்ந்ததா, இல்லை அறையின் விளக்கு மாறியதா என்று சொல்ல முடியும்.