மியூசியத்துக்கு அக்கம்பக்கத்தாரை வரவழைப்பது எப்படி? புதிய இயக்குநருக்கு ஒரு செய்முறை

எழும்பூர் மியூசியத்தைப் பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. 1851-ல் தொடங்கிய அந்த மியூசியத்தில், அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார், ஜனம் திரண்டது. செல்லப்பெயர் வைக்கும் அளவுக்கு உரிமை! வடசென்னையில் எங்கள் சின்னக் கலைக்கூடத்துக்கு அதில் கொஞ்சம் வரவே மூன்று வருடம் ஆனது.

படி 1: அழைப்பிதழ் அடிக்காதீர்கள், நேரில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் வலை சீர் செய்தபடி கரையில் இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும்.

படி 2: நேரம். கூலி வேலை ஆறு மணிக்குத்தான் முடியும், நாம் ஐந்துக்கே பூட்டினால் யார் வருவார்கள்? மாதம் ஒரு நாளாவது இரவு எட்டு வரை திறந்து வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்திலும் ஞாயிறு காலைப் பூசை நேரத்திலும் நிகழ்ச்சி வேண்டாம்.

படி 3: செப்புத்திருமேனி அறை. நான் சறுக்கியது இங்கேதான். ஒரு பாட்டி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நடராசர் முன் கைகூப்பி, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு முழம் மல்லியை எடுத்தார். "இது கோயில் இல்லம்மா!" என்று காவலர் அதட்டினார். பூவைத் திரும்ப முடிந்துகொண்டு போனவர் பிறகு வரவே இல்லை.

காவலரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இப்போது சிலைக்கு நாலடி தள்ளி ஒரு பித்தளைத் தட்டு, பூவை அதில் வைக்கலாம். ஈரமும் எண்ணெயும் உலோகத்தை அரிக்கும், அதனால் சிலைமேல் எதுவும் கூடாது, கற்பூரமும் கூடாது. காவலர் பேச்சைத் தொடங்குவதே "வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்றுதான்.

படி 4: விவரப் பலகை. க்யூஆர் கோடு எனக்குப் பிடிக்காது; பெரிய எழுத்துத் தமிழே போதும். எல்லாரும் முதலில் கேட்பது "எந்த ஊரு சாமி?" என்றுதான். ஊர்ப் பெயர் முதல் வரியில் வரட்டும், நூற்றாண்டு பிறகு.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் எழுதினார்: "கோயிலுக்குள் விடாமல் எங்கள் தாத்தாவை வெளியே நிறுத்தினார்கள். பூத்தட்டைப் பார்த்ததும் எனக்கு உள்ளே வரக் கால் எழவில்லை." இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. தட்டை வலது ஓரத்துக்கு மாற்றினோம். சிலைக்கு நேர் எதிரே பெஞ்சு போட்டோம். செருப்போடும் வரலாம், கும்பிடாமலும் உட்காரலாம் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறோம்.