சமரேல் மலைச்சாலையில் போகிறீர்களா?

மொரிஷியஸுக்கு வரும் சொந்தக்காரர்களைக் கடற்கரைக்கு மட்டும் கூட்டிப் போய் அனுப்பிவிடாதீர்கள். ஒரு நாள் காலையில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா வழியாகக் காரில் அழைத்துப் போங்கள். 1994-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவில்தான் தீவின் பழைய காட்டில் மிஞ்சியது பெருமளவு இருக்கிறது.

வாக்குவா நகரிலிருந்து லா மாரி, பெத்ரேன் வழியாக ஏறி, சமரேல் கிராமத்தில் இறங்குவது நல்லது. காலை எட்டு மணிக்கே மேலே இருங்கள். நேரமானால் மேகம் இறங்கி, பள்ளத்தாக்கே தெரியாமல் போகலாம். முதலில் அலெக்சாண்ட்ரா அருவி, அப்புறம் கோர்ஜஸ் காட்சிமுனை. இரண்டாவதில் அரை மணி நேரமாவது நில்லுங்கள். நீண்ட வால் கொண்ட வெள்ளைப் பறவை, நம் ஊர்க்காரர்கள் சொல்லும் பாய்-ஆன்-கே, கீழே பச்சைக்கு மேல் மிதந்து போகும். அதைப் பார்க்கவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

குரங்குகளுக்குத் தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள். அவை அரிய பறவைகளின் முட்டைகளைத் தின்பவை.

முக்கியமானது, சமரேலிலிருந்து கடலோரக் கிராமமான காஸ் நுவயால் வரை உள்ள இறக்கம். செங்குத்து, வளைவுக்கு வளைவு. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். இரண்டாம் கியரில் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது '2'. மழை ஈரம் இருந்தால் இன்னும் மெதுவாக. பெட்ரோலை வாக்குவாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.