ஒளி வட்டம் விழவில்லையா? லென்ஸைக் குறை சொல்ல முதல்…

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்தால், கமரா பழகும் பிள்ளைகள் காட்டும் படங்கள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். நண்பன் நடுவில் நிற்பான். பின்னால் சோடனை லைற்றுகள் பெரிய வட்டங்களாக மலர்ந்திருக்க வேண்டிய இடத்தில் சின்னப் புள்ளிகள்தான் கிடக்கும். "கமராவோட வந்த கிற் லென்ஸில வராது சேர், 50 எம்எம் ஒண்டு வாங்கவேணும்" என்பார்கள். வாங்கலாம், நல்ல லென்ஸ்தான். ஆனால் நண்பனைச் சோடனைப் பந்தலோடு ஒட்ட நிறுத்தினால் எந்த லென்ஸும் கைகொடுக்காது.

இதன் கணக்கு சுலபம். குவியத் தூரத்தை (லென்ஸில் எழுதியிருக்கும் எம்எம் எண்) எஃப் எண்ணால் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கமரா காட்டும் எண்) வகுத்தால் லென்ஸ் துளையின் அகலம் வரும். 50 எம்எம், எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர். தொலைதூர லைற் ஒன்று, நண்பனின் முகத்தருகே ஒட்டி வைத்ததுபோல் அதே 28 மில்லிமீற்றர் வட்டமாகத் தெரியும். நண்பன் 2 மீற்றரிலும் லைற் 4 மீற்றரிலும் இருந்தால் அதில் பாதி, 14. லைற் 20 மீற்றருக்குப் போனால் 25. ஆகவே முதலில் நண்பனைப் பந்தலிலிருந்து தள்ளிக் கூட்டிவாருங்கள். பிறகு நீங்கள் அவனை நெருங்குங்கள். 2 மீற்றரிலிருந்து 1 மீற்றருக்கு வந்தால் படத்துக்குள் அடங்கும் அகலம் பாதியாகிவிடும். அதனால் வட்டமும் படத்தில் பெரிதாகத் தெரியும். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

கிற் லென்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. 18 எம்எம்மில் எஃப் 3.5, 55 எம்எம்மில் எஃப் 5.6. சின்ன எண்தான் பின்னணியை மங்கலாக்கும் என்று படித்தவர்கள் 18இல் வைத்து எடுக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: 18இல் துளை 5 மில்லிமீற்றர், 55இல் கிட்டத்தட்ட 10. முழுதாக சூம் பண்ணி, கிட்டப் போய் எடுங்கள்.

50 எம்எம் கையில் வந்தவர்களின் தவறு வேறு. எஃப் 1.8ஐ விட்டு இறங்கவே மாட்டார்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண டிஎஸ்எல்ஆரில், ஒன்றரை மீற்றரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்ரிமீற்றர்தான். முகத்தைச் சற்றுத் திருப்பினாலே ஒரு கண் மங்கிவிடலாம். இரண்டு பேர் நின்றால் எஃப் 4க்குப் போங்கள். வட்டம் பாதிக்கும் கீழே சுருங்கும், பரவாயில்லை, முகம்தான் முக்கியம்.

முகம் கறுத்துப் போவது அடுத்த பிரச்சினை. கமராவின் ஃபிளாஷைத் தட்டினால் முகம் வெள்ளையடித்த சுவராகிவிடும். ஷட்டர் வேகம் கூடிப் பின்னால் இருந்த லைற்றும் அணைந்ததுபோல் போய்விடும். போன் ரோச்சின் முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெளிச்சம் கொடுத்தால் போதும். பூசை நேரத்தில் அதையும் செய்யாதீர்கள், கும்பிட வந்தவர்களின் முகத்தில் வெளிச்சம் அடிப்பது மரியாதையில்லை.

சில படங்களில் சோடனையின் பாதி எரிந்தும் பாதி அணைந்தும் இருக்கும். லைற் பழுதில்லை. எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. மலிவான எல்ஈடி மாலைகள் அதற்கேற்ப 50 அல்லது 100 தடவை மினுங்கும். ஷட்டரை 1/50 செக்கனில் வைத்தால் பெரும்பாலும் சரிவரும், கை ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மட்டையில் இதயமும் நட்சத்திரமும் வெட்டி லென்ஸுக்கு முன்னால் ஒட்டும் விளையாட்டு. எனக்கும் பிடிக்கும். ஆனால் வெட்டும் உருவம் துளையை விடப் பெரிதாக இருந்தால் வட்டம் வட்டமாகவே நிற்கும். 28 மில்லிமீற்றர் துளைக்கு 14 மில்லிமீற்றர் உருவம் நன்றாக வரும். கிற் லென்ஸில் 55 எம்எம்மில்கூட 5 மில்லிமீற்றருக்கு வெட்டவேண்டும், அது வெறும் பொட்டாகத்தான் தெரியும். மட்டை கறுப்பாக, லென்ஸின் வாயோடு ஒட்டி, உருவம் சரியாக நடுவில் இருக்கவேண்டும். 14க்கு வெட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் கால்வாசிக்கும் குறைவு, அதனால் ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) கூட்டாமல் "படம் இருட்டு" என்று முறையிட வேண்டாம்.

லைற்றுக்காக இரவு வரை காத்திருப்பதும் தேவையில்லை. இரணைமடுக் கட்டில் பின்னேர வெயில் தண்ணீரில் மினுங்கும்போதும், மருதமர இலைகளுக்கிடையில் வெளிச்சம் கசியும்போதும் இதே வட்டங்கள் விழும். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வழியாகச் சூரியனை நேரே பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும். முறிகண்டியில் வாகன லைற்றுகளைப் பின்னணியாக எடுக்க ஆசைப்படுகிறவர்கள் நண்பனை ஏ9 வீதியில் இறக்கவேண்டாம். வாகனங்கள் தூரத்தில் இருந்தால்தான் வட்டம் பெரிதாகும் என்பதால், வீதியை விட்டுத் தள்ளி நிற்பதே படத்துக்கும் நல்லது.

போனின் போர்ட்றேற் மோட் பெரும்பாலும் உண்மையான மங்கல் இல்லை. எங்கே ஆள் முடிகிறார் என்று போன் ஊகித்து மிச்சத்தை மங்கலாக்குகிறது. கலைந்த தலைமயிர், சைக்கிள் கம்பி, கிடுகு வேலி வந்தால் தடுமாறும். பின்னணி வெறுமையான இடமாகப் பார்த்து எடுங்கள்.

கடைசியாக, வட்டங்களுக்குள் கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் அது லென்ஸில் ஒட்டிய எங்கள் ஊர்ப் புழுதியாக இருக்கலாம். சேர்ட் நுனியால் துடைக்காமல் முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் துணியை எடுங்கள்.