கொரிய செலடான் ஜாடியில் விலங்குகளைப் படிப்பது எப்படி?

செலடான் என்றால் பச்சை மெருகு பூசிச் சுட்ட பீங்கான். கொரியாவின் கோர்யோ அரச மரபுக் காலத்து (918–1392) இப்படிப்பட்ட பச்சை ஜாடி கண்ணில் பட்டால் முதலில் கொக்கைத் தேடுங்கள். மேகங்களுக்கு நடுவே பறக்கும் கொக்கு நீண்ட ஆயுளுக்கு அடையாளம். தென் கொரியாவின் கான்சோங் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற ஜாடியில் வட்டங்களுக்குள் இருக்கும் கொக்குகள் மேலே பறக்கின்றன, வெளியே இருப்பவை கீழே இறங்குகின்றன, அதனால் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், சுற்றி வந்து பாருங்கள், அவ்வளவு அழகு.

அப்புறம் நிறம். ஈரக் களிமண்ணில் உருவத்தைக் கீறி, அந்தப் பள்ளத்தில் வெள்ளை மண்ணும் செம்மண்ணும் நிரப்பிச் சுடுவார்கள். சூளையில் செம்மண்தான் கறுப்பாகிறது. கொக்கின் கறுப்புக் கால்களை உற்றுப் பாருங்கள், அது தூரிகைக் கோடு இல்லை என்று புரியும்.

ஜோடி வாத்து என்றால் தம்பதி ஒற்றுமை. சரி, ஓவியத்தோடு நிறுத்தாமல் அடிப்பாகத்தையும் பாருங்கள்: கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு தூபக்காலை மூன்று குட்டி முயல்கள் முதுகில் தாங்கி நிற்கின்றன!