எது தலைசிறந்த பந்தயக் குதிரை? வாதத்தில் இறங்கும் முன்

ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "செக்ரட்டேரியட்டை மிஞ்ச எதுங்கண்ணா இருக்கு?" என்று அந்த அமெரிக்கப் பந்தயக் குதிரையைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தால், உடனே பதில் சொல்லாதீர்கள். முதலில் கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரே ஒரு நாளில் உச்சமாக ஓடியது எது? முதல் ஓட்டத்திலிருந்து கடைசி ஓட்டம் வரை சறுக்காதது எது? முதலாவதற்கு எங்கள் ஓட்டு பிரெஞ்சுக் குதிரை சீ-பேர்டுக்கு, இரண்டாவதற்கு 14 ஓட்டத்தில் 14ம் ஜெயித்த இங்கிலாந்துக் குதிரை ஃபிராங்கலுக்கு. பிரிக்காமல் பேசினால் விடிய விடியப் பேசினாலும் தீராது.

நேரக் கணக்கைக் கடைசியில் எடுங்கள். 1973இல் அமெரிக்காவின் பெல்மாண்ட் பந்தயத்தில் செக்ரட்டேரியட் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 நொடியில் முடித்தது. அது மண் தரை, சமதளம். இங்கிலாந்தின் எப்சம் டர்பி பந்தயமும் ஒன்றரை மைல்தான். ஆனால் புல் தரை, முதலில் ஏற்றம், பிறகு இறக்கத்திலேயே வளைவு. அங்கே 2010இல் வொர்க்ஃபோர்ஸ் என்ற குதிரை எடுத்த சாதனை நேரமே 2 நிமிடம் 31.33 நொடி. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை வண்டி போன நேரத்தை, அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய நேரத்தோடு ஒப்பிடுவோமா?

ஜெயித்த வித்தியாசமும் ஏமாற்றும். அந்தப் பெல்மாண்டில் செக்ரட்டேரியட் ஜெயித்தது 31 லெங்த்தில். ஒரு லெங்த், அதாவது ஒரு குதிரையின் நீளம், சுமார் 2.4 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 75 மீட்டர்: சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஆறேழு டவுன் பஸ்ஸை ஒட்டி நிறுத்திய நீளம். பிரமாதமான ஓட்டம், சந்தேகமில்லை. ஆனால் ஓடியவை ஐந்தே குதிரைகள். முதல் முக்கால் மைல் விடாமல் கூடவே போன ஷாம், மூச்சு போய்க் கடைசியாக வந்தது. அந்த 31 லெங்த்தில் எதிரிகளின் களைப்பும் சேர்ந்திருக்கிறது.

அதனால் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்னால் வந்தது யார் என்பதை. 1965இல் பிரான்சின் ஆர்க் பந்தயத்தில் சீ-பேர்ட் 6 லெங்த்தில் ஜெயித்தபோது இரண்டாவது வந்தது ரிலையன்ஸ். பிரெஞ்சு டர்பி ஜெயித்த குதிரை, அதுவரை தோற்றதே இல்லை. இந்த 6 எங்கள் தராசில் அந்த 31ஐ விடக் கனம். தோல்வியையும் இப்படித்தான் படிக்க வேண்டும். பிரிகேடியர் ஜெரார்ட் என்ற குதிரை 18 ஓட்டத்தில் தோற்றது ஒன்றுதான், 1972இல் இங்கிலாந்தின் யார்க்கில், அந்த வருட எப்சம் டர்பி ஜெயித்த ராபர்ட்டோவிடம். மூன்றாவது குதிரை அதற்கும் 10 லெங்த் பின்னால். இதைக் கறை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ரேட்டிங் எண், அதாவது குதிரையின் திறமைக்கு நிபுணர்கள் போடும் மதிப்பெண், சொல்லும்போது யார் கொடுத்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். டைம்ஃபார்ம் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் பட்டியலில் ஃபிராங்கல் 147, சீ-பேர்ட் 145. சர்வதேசப் பட்டியலில் அதே ஃபிராங்கல் 140. டான்சிங் பிரேவ் என்ற குதிரைக்கு அந்தச் சர்வதேசப் பட்டியல் முதலில் கொடுத்தது 141. 2013இல் பழைய எண்களைத் திருத்தியபோது 138 ஆக்கினார்கள். ஒரு பட்டியலின் 147ஐயும் மற்றதன் 138ஐயும் கழித்துப் பார்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

சுமந்த எடையையும் விடாதீர்கள். மூன்று வயதுக் குதிரைக்கும் பெண் குதிரைக்கும் எடையில் சலுகை உண்டு. ஒரு மைல் பந்தயத்தில் சுமார் 2 பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு லெங்த் வித்தியாசத்துக்குச் சமம்.

கிண்டி, ஊட்டி குதிரைப் பந்தயம் பார்த்த பெரியவர்கள் இந்தியக் குதிரைகளான ஸ்குவாண்டரரையும் எலூசிவ் பிம்பர்நெல்லையும் எடுப்பார்கள். அவற்றைத் தனிப் பட்டியலில் வையுங்கள். ஃபிராங்கலோடு அளக்க, இரண்டு பக்கமும் ஓடிய பொது எதிரி இல்லை.