லாரித் தண்ணீரும் இரண்டு கட்சியும்

2019 கோடை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். லாரித் தண்ணீர்ச் செலவை வீட்டுக்குச் சமமாகப் பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்று வைப்பதா? சங்கம் இரண்டு கட்சியானது. நான் கமிஷன் அடிக்கிறேன் என்றுகூட வாட்ஸ்அப்பில் வந்தது. பதிலுக்குப் பதில் எழுதி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினேன். என் தப்புதான்.

அப்புறம் எழுதுவதை நிறுத்தினேன். லாரி பில்களை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். அதிகம் திட்டிய இருவரையே, கட்சிக்கு ஒருவராக, லாரி வந்ததும் லிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். விடியற்காலை நாலு மணிக்குக் காத்திருந்தவர்கள், மூன்றாம் நாளே ஒரே ஃபிளாஸ்க்கில் காபி குடித்தார்கள். பாதி வீட்டுக்கு, பாதி தலைக்கு என்ற கணக்கையும் அவர்களே கொண்டுவந்தார்கள். மாடி வீட்டு மாமி மட்டும் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.